ஃபார்ம் வைத்து அக்ரிலிக் நகம் கட்டுவது: புதிதாகக் கற்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

டிப் எனப்படும் பிளாஸ்டிக் நகநுனியை ஒட்டாமல், நகத்துக்கு அடியில் ஒரு காகித ஃபார்மைப் பொருத்தி, அதன் மேலேயே அக்ரிலிக்கால் நீளம் கட்டுவதுதான் ஸ்கல்ப்டட் நகம். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் நாள் முழுக்கக் கண் பிரஷ் மேலேயே இருக்கும். லிக்விட்டும் பவுடரும் சேர்ந்த உருண்டையை எடுப்பது எப்படி, வழுவழுவென்று இழுப்பது எப்படி என்றுதான் கேட்பார்கள். ஆனால் நான் பார்த்தவரை, கெட்டுப்போன நகங்களில் பெரும்பாலானவை பிரஷ் பவுடரைத் தொடுவதற்கு முன்பே கெட்டவை. அதனால் இங்கே தயாரிப்புக்கும் ஃபார்முக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். மினுக்கு வேலை கடைசியில் சுருக்கமாக வரும்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

லிக்விட் எனப்படும் மோனோமர், பவுடர், நகத்தின் ஈரமும் எண்ணெய்ப் பசையும் எடுக்கும் டிஹைட்ரேட்டர், அக்ரிலிக் நகத்தில் பிடிக்க உதவும் பிரைமர், பிரஷ், ஃபார்ம், சிறிய கத்தரி, க்யூட்டிகிள் புஷர், ஃபைல்கள், தூசி தட்டும் பிரஷ், பஞ்சு இழை ஒட்டாத துடைப்பான், நைட்ரைல் கையுறை. இவை எல்லாம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாதியில் எழுந்து எதையாவது தேடினால், எடுத்து வைத்த உருண்டை காத்திருக்காது.

லிக்விட்டையும் பவுடரையும் ஒரே நிறுவனத்தில் வாங்குங்கள். பவுடருக்குள் இருக்கும் பென்சாயில் பெராக்சைடும் லிக்விட்டில் இருக்கும் ஊக்கியும் சேரும்போதுதான் இறுகல் தொடங்குகிறது. இரண்டின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வைத்திருப்பார்கள். ஒன்றின் பவுடரை இன்னொன்றின் லிக்விட்டோடு கலந்தால், இறுகியது போலத் தெரிந்தாலும் உள்ளே அரைகுறையாக நிற்கலாம். அரைகுறையாக இறுகிய அக்ரிலிக்தான் ஒவ்வாமைக்கு வழி வைக்கும்.

லேபிளில் எத்தில் மெத்தாக்ரிலேட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மெத்தில் மெத்தாக்ரிலேட் என்றால் வேண்டாம். அது கல் மாதிரி இறுகும், ஃபைலுக்கு மசியாது, அசிட்டோனில் எளிதில் கரையாது. எங்கேயாவது இடித்துக்கொண்டால் அக்ரிலிக் உடைவதற்குப் பதில் அடியில் உள்ள சொந்த நகமே பிய்ந்து வரும்.

பிரஷ் விஷயத்தில் ஒரு பொதுவான தவறு: "சின்ன பிரஷ் என்றால் கைக்கு அடங்கும்" என்று 4, 6 எண்ணில் வாங்குவது. சின்ன பிரஷில் லிக்விட் கொஞ்சமாகத்தான் நிற்கும். அதனால் உருண்டை வறண்டு வரும். கோலின்ஸ்கி எனப்படும் விலங்கு முடியில் 8 அல்லது 10 எடுங்கள். புது பிரஷின் முடி பசையால் ஒட்டியிருக்கும். அதை விரலால் மெல்லத் தளர்த்தி, தூளை உதறிவிட்டு லிக்விட்டில் நனைத்த பிறகே வேலைக்கு எடுக்க வேண்டும். பிரஷைக் கழுவவும் லிக்விட்தான், அசிட்டோன் அல்ல. அசிட்டோனில் முடி வறண்டு விரிந்துவிடும்.

காற்றோட்டம் வேண்டும். ஆனால் மின்விசிறியோ ஏசியோ நேரே டிஷ் (லிக்விட் ஊற்றி வைக்கும் சிறு கிண்ணம்) மேல் வீசக் கூடாது. லிக்விட் வேகமாக ஆவியாகி மணம் அறை முழுக்கப் பரவும். டிஷ்ஷுக்கு மூடி, குப்பைக்கு மூடியுள்ள தொட்டி. நனைந்த துடைப்பானைத் திறந்து போட்டாலும் அதே மணம்தான். இன்னொன்று, தூசிக்குப் போடும் முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஃபைல் போடும்போது மட்டுமே அது உதவும்.

2. கையைத் தொடும் முன் உருண்டைப் பயிற்சி

பீட் என்று சொல்லும் இந்த உருண்டை கைவராமல் ஆள் மேல் செய்யப் போகாதீர்கள். ஒரு ஃபார்ம் தாளோ அலுமினியத் தாளோ போதும்.

பிரஷை லிக்விட்டில் முழுக்க முக்கி, டிஷ்ஷின் அடியில் மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். விளிம்பில் ஒரு பக்கத்தை மட்டும் ஒருமுறை வழியுங்கள். நுனியைப் பவுடரின் மேற்பரப்பில் வைத்துச் சிறு கோடு இழுங்கள். குத்தவோ கிளறவோ வேண்டாம். நுனியில் ஒரு உருண்டை தொங்கும். அதைத் தாளில் வைத்துவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள், தொடாதீர்கள்.

இங்கேதான் எல்லாம் தெரியும். சரியான உருண்டை சில நொடிகள் குவிந்தே நிற்கும். முதலில் மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாக இருக்கும், அப்புறம் மெல்ல வழுவழுப்பாகி லேசாகப் படியும். சுற்றிலும் ஈரவளையம் இருக்காது. வைத்ததுமே பரவி, ஓரத்தில் நீர் கோத்தால் ஈரம் அதிகம். மங்கலாக, மணல் மணலாக அப்படியே நின்றால் வறட்சி. லிக்விட்டும் பவுடரும் சம அளவு என்றால் வறண்ட உருண்டை, லிக்விட் இரு மடங்கு என்றால் ஈர உருண்டை. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? ஈர உருண்டை தோல் மேல் ஓடும், அதிகம் சுருங்கும், பலமும் குறையும். வறண்ட உருண்டை நகத்தில் பிடிக்காது, உள்ளே காற்றுப் பொட்டு நிற்கும், எளிதில் நொறுங்கிவிடும். ஒரே அளவில் வரிசையாக இருபது உருண்டை வைக்க வரும்வரை இதையே செய்யுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், வேறு வழியில்லை.

3. யார் கையில் செய்யலாம், யாருக்கு வேண்டாம்

நகச்சுற்று, தோலில் வெட்டு, தசையிலிருந்து பிரிந்து நிற்கும் நகம், நிறம் மாறித் தடித்த நகம், பச்சைத் திட்டு: இவற்றில் எது இருந்தாலும் செய்யக் கூடாது. பச்சைத் திட்டு பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. மூடிவிட்டால் உள்ளேயே வளரும். என்ன நோய் என்று பெயர் சொல்வது நம் வேலை இல்லை. "மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஜெல்லோ அக்ரிலிக்கோ போட்டபோது முன்பு அரிப்பு, கொப்புளம் வந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அங்கேயே முடித்துவிடுங்கள்.

பயிற்சிக்கு வரும் தோழியின் நகம் நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டராவது வளர்ந்திருக்கட்டும். கடித்துக் கடித்துத் தேய்ந்த நகத்தில் ஃபார்ம் உட்கார இடமே இருக்காது. அது அனுபவம் வந்த பிறகு எடுக்க வேண்டிய வேலை.

4. நகத்தைத் தயார் செய்தல்

இருவர் கையும் கழுவித் துடைத்தாக வேண்டும். உலோகக் கருவிகளை முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியில் லேபிள் சொல்லும் நேரம் முழுக்க மூழ்க வைத்திருக்க வேண்டும். அழுக்கோடு முக்கினால் கிருமிநாசினி அழுக்கோடுதான் மல்லுக்கட்டும். காகித ஃபைல் ஒருவருக்கு ஒன்று.

பழைய நகப்பூச்சை எடுத்த பிறகு, வேர்ப்பக்கத் தோலை புஷரால் மெல்லத் தள்ளுங்கள். இங்கே இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் தடித்த தோல் மடிப்பு உயிருள்ளது, அதை வெட்டக் கூடாது. அதற்கு அடியிலிருந்து வந்து நகத்தகட்டின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒட்டியிருக்கும் மெல்லிய படலம் செத்த தோல். அதுதான் முழுதாகப் போக வேண்டும். அந்தப் படலத்தின் மேல் அக்ரிலிக் வைத்தால் தோல் உதிரும்போது அக்ரிலிக்கும் சேர்ந்து எழும். வெளிச்சத்தில் விரலைச் சாய்த்துப் பார்த்தால் இரண்டு ஓரங்களிலும் ஒளிந்திருப்பது தெரியும். புதியவர்கள் நடுவில் சுத்தம் செய்துவிட்டு மூலைகளை விட்டுவிடுவார்கள்.

அடுத்து, 180 அல்லது 240 ஃபைலால் மேலுள்ள பளபளப்பை மட்டும் எடுங்கள். எண் குறையக் குறைய ஃபைல் சொரசொரப்பு கூடும் என்பதை நினைவில் வையுங்கள். நகம் வளரும் திசையில், கனமில்லாமல். நகத்தகட்டின் கனமே சுமார் அரை மில்லிமீட்டர்தான். "நன்றாகத் தேய்த்தால் நன்றாகப் பிடிக்கும்" என்று நினைத்துத் தேய்த்தால் தகடு மெலிந்து, எரிச்சல் எடுத்து, கடைசியில் பிடிமானமும் போகும். பயிற்சிக் காலத்தில் சொந்த நகத்தின் மேல் மின் ஃபைலைக் கொண்டுபோகவே வேண்டாம்.

தூசியைத் தட்டிவிட்டு, பத்து விரலுக்கும் டிஹைட்ரேட்டர். இதற்குப் பிறகு நகத்தை யாரும் தொடக் கூடாது, நீங்களும்தான். நான் கற்ற காலத்தில் ஒரு முழு செட் நான்காவது நாளே வேர்ப்பக்கம் எழுந்துவிட்டது. பிரைமர் சரியில்லை என்று பிரைமரை மாற்றினேன், அப்போதும் எழுந்தது. கூட இருந்தவர்தான் கவனித்துச் சொன்னார்: டிஹைட்ரேட்டர் போட்ட பிறகு தூசி போய்விட்டதா என்று பார்க்க, ஒவ்வொரு நகத்தையும் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். விரலில் இருந்த எண்ணெய்ப் பசை போதுமே!

5. ஃபார்ம் பொருத்துதல்

நேரம் எவ்வளவு ஆனாலும் ஆகட்டும் என்று விட்டுவிட வேண்டிய இடம் இது. ஃபார்ம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால் கட்டி முடித்த நகமும் சாய்ந்தே இருக்கும், பிறகு ஃபைலால் நேராக்கப் போய் ஒரு பக்கம் மெலிந்து உடையும்.

ஃபார்மை உரித்து, நடுவில் வெட்டப்பட்டிருக்கும் துண்டை எடுத்து ஃபார்மின் அடிப்பக்கத்தில் ஒட்டுங்கள். அது முதுகெலும்பு மாதிரி. ஈர அக்ரிலிக்கின் கனத்தில் ஃபார்ம் தொய்யாமல் இருக்கும். பிறகு ஒரு பேனாவைச் சுற்றி உருட்டுவது போல விரலில் உருட்டி வளைவு கொடுங்கள். தட்டையான ஃபார்மில் தட்டையான நகம்தான் வரும். தட்டை நகத்துக்குப் பலம் கிடையாது.

விரலை லேசாகக் கீழே மடக்கச் சொல்லி, ஃபார்மை நேராக நகநுனிக்கு அடியில் நுழைத்து வையுங்கள். அடியிலுள்ள சதையில் குத்தக் கூடாது, நகத்துக்கும் ஃபார்முக்கும் இடையே வெளிச்சமும் தெரியக் கூடாது. இடைவெளி இருந்தால் அக்ரிலிக் அடியில் வழிந்து தோலில் ஒட்டி இறுகும். பலருக்கு நகநுனியின் கோடு ஃபார்மின் வளைவோடு ஒத்துப்போகாது. அப்போது ஃபார்மை எடுத்துக் கத்தரியால் சிறிது சிறிதாக வெட்டுங்கள். நடுவில் இடித்தால் நடுவை, ஓரத்தில் இடைவெளி என்றால் ஓரம் உள்ளே போகும்படி நடுவை இன்னும் ஆழமாக. கத்தரிக்காமலே எல்லா விரலுக்கும் ஃபார்ம் உட்கார்ந்தால், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பக்கம் பாருங்கள். மேலிருந்து: ஃபார்மின் நடுக்கோடு விரலின் நடுவோடு ஒரே நேரா? பக்கத்திலிருந்து: நகத்தின் ஓரக்கோடு அப்படியே நீண்டு ஃபார்மில் ஓடுகிறதா, மேலே தூக்கியோ கீழே தொங்கியோ இருக்கிறதா? எதிரே, நுனிப்பக்கத்திலிருந்து: வளைவு இரு பக்கமும் சமமா? புதியவர்கள் மேலிருந்து மட்டும் பார்த்துத் திருப்தியடைவார்கள். பக்கவாட்டில் கிளி மூக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருப்பது அவர்களுக்குக் கடைசியில்தான் தெரியும்.

ஐந்து விரலுக்கும் ஒரே நேரத்தில் ஃபார்ம் மாட்டாதீர்கள். ஒரு விரலுக்கு உருண்டை வைக்கும்போது மற்ற நான்கும் ஒன்றோடொன்று இடித்து நகர்ந்துவிடும். முதலில் ஒன்று, பிறகு இரண்டு இரண்டாக.

6. பிரைமர், ஃபார்முக்குப் பிறகு

பலர் ஃபார்முக்கு முன்பே பத்து விரலுக்கும் பிரைமர் போட்டுவிடுவார்கள். கை வேகமானவர்களுக்கு அது சரி. கற்பவருக்கு ஒரு ஃபார்ம் பொருத்தவே ஐந்து நிமிடம் ஆகும், அதற்குள் பத்து முறை நகத்தைத் தொட்டிருப்பார். அதனால் ஃபார்ம் உட்கார்ந்த பிறகு அந்த விரலுக்கு மட்டும் இன்னொரு முறை டிஹைட்ரேட்டர், பிறகு பிரைமர் என்று செய்யச் சொல்வேன்.

பிரைமர் பிரஷைப் பாட்டிலின் கழுத்தில் நன்றாக வழித்து, சொந்த நகத்தின் நடுவில் ஒரு புள்ளி. அது தானாகப் பரவும். தோலில் படவே கூடாது. அமில வகை பிரைமர் தோலைச் சுட்டுவிடும். அமில வகை என்றால் சுண்ணாம்பு மாதிரி வெளிறிக் காயும்வரை பொறுக்க வேண்டும். அமிலமில்லாத வகை சில ஒட்டும் தன்மையோடே நிற்கும். உங்கள் பாட்டிலின் குறிப்பைப் படியுங்கள். அதிகம் போட்டால் அதிகம் பிடிக்கும் என்பது இங்கேயும் பொய்க் கணக்கு.

7. மூன்று உருண்டையில் நகம் கட்டுதல்

முதல் உருண்டை பெரியது, நீளத்துக்கு. சொந்த நகமும் ஃபார்மும் சந்திக்கும் இடத்தில் வையுங்கள். சில நொடி பொறுங்கள். பிறகு பிரஷின் வயிற்றுப் பகுதியால் மெல்ல அழுத்தி, ஃபார்மிலுள்ள கோட்டைப் பார்த்துக்கொண்டே நுனி நோக்கி நகர்த்துங்கள், இரு ஓரத்தையும் நேராகத் தட்டிவிடுங்கள். முதல் பத்து பதினைந்து நகங்களுக்கு விரல் நுனியைத் தாண்டி மூன்று நான்கு மில்லிமீட்டர் போதும். வடிவம் சதுரமாகவே இருக்கட்டும். மற்ற வடிவங்களைச் சதுரத்திலிருந்து ஃபைலால் இறக்கிக்கொள்ளலாம்.

எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று: நகப்பூச்சு பூசுவது போல பிரஷை இழுப்பது. அக்ரிலிக் அப்படி இழுபடாது, வரி வரியாகக் கோடு விழும். அழுத்து, எடு, அழுத்து, எடு. மேற்பரப்பை வழுவழுப்பாக்க மட்டும் கடைசியில் ஒரே ஒரு இழுப்பு.

இரண்டாவது உருண்டை நடுவில், சதைக்கும் நுனிக்கும் இடையிலுள்ள சிரிப்புக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால். நகத்தின் மேல் பாரம் விழும் இடம் அதுதான், அதனால் மேடு அங்கே வர வேண்டும். நடுவை அதிகம் தொடாமல் நான்கு பக்கமும் இறக்கிவிடுங்கள். இந்த மேடு இல்லாத நகம் பார்க்க மெல்லியதாக அழகாக இருக்கும், பையின் ஜிப்பைத் திறக்கும்போது முறியும்.

மூன்றாவது உருண்டை சிறியது, கொஞ்சம் ஈரம் கூடியது. வேர்ப்பக்கம் தோலைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் போல இடம் விட்டு வையுங்கள். பிரஷ் நுனியால் அரைவட்டமாக மெல்லத் தள்ளி, பிறகு நடுவோடு கலந்து இழுத்துவிடுங்கள். ஓரம் காகிதம் போல மெலிந்து நகத்தோடு சேர வேண்டும். தோலில் ஓடிவிட்டதா? இறுகும் முன் ஆரஞ்சுக் குச்சி எனப்படும் மெல்லிய மரக்குச்சியால் உடனே ஒரு வட்டம் வழித்து எடுங்கள். "ஃபைலில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் அந்த இடம்தான் முதலில் எழும். அதோடு, இறுகாத அக்ரிலிக் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை ஒருநாள் வந்தே தீரலாம். வந்தால் வாழ்நாள் முழுக்க இருக்கும். பிரஷ் முடியை விரலால் கூராக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விடுங்கள்.

இறுகும்போது லேசான சூடு தெரியும், அது இயல்பு. குளிர்ந்த அறையில் தாமதமாக இறுகும், சில நேரம் மேலே பனி படர்ந்தது போல வெள்ளைப் படிகமும் தெரியும். அப்படியானால் கையையும் அறையையும் சற்றுச் சூடாக்கிவிட்டு அந்த நகத்தை மறுபடி கட்டுங்கள்.

8. ஃபார்மை எடுப்பது எப்போது

பிரஷின் காம்பால் தட்டுங்கள். மந்தமாகச் சத்தம் வந்தால் பொறுங்கள். டிக்கென்று கேட்டால் தயார். ஃபார்மின் இரு காதையும் கிழித்து, கீழ்நோக்கிக் கிள்ளி இறக்கி உருவுங்கள். நேரே முன்னால் இழுக்காதீர்கள். டிக் சத்தம் ஃபைல் போடலாம் என்பதற்கு மட்டுமே. உள்ளே முழுதாக இறுக ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், அதுவரை இடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

9. ஃபைல் வேலை

ஃபைலுக்கும் ஒரு வரிசை உண்டு. 100 ஃபைலால் முதலில் நீளம், நுனிக்கோடு. அடுத்து இரு ஓரச் சுவரும், விரலுக்கு இணையாக. அடுத்து அடிப்பக்க ஓரம். இதற்குப் பிறகே மேற்பரப்பு. மேற்பரப்பை முதலில் வழுவழுப்பாக்கினால், ஓரத்தை நேராக்கும்போது மறுபடி மேலே வர வேண்டியிருக்கும். இரண்டாம் முறையில்தான் மேடு காணாமல் போகும்.

வேர்ப்பக்கம் 180க்கு மாறுங்கள். ஃபைலைத் தட்டையாகப் பிடியுங்கள், முனை சாய்ந்தால் சொந்த நகத்தில் சிவந்த பள்ளம் விழும். நுனியின் கனம் ஒரு ஏடிஎம் கார்டு அளவுக்கு வந்தால் போதும். அவ்வப்போது விரலைத் திருப்பி நுனிப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். கனம் ஒரு பக்கம் கூடியிருந்தால் அங்கே தெரிந்துவிடும்.

ஒரு நகத்துக்கு ஃபைல் வேலை பத்து நிமிடத்தைத் தாண்டினால், ஃபைலைக் கீழே வைத்துவிட்டு ஃபார்மையும் உருண்டை அளவையும் யோசியுங்கள். அங்கே மிச்சம் பிடித்த நேரத்தைத்தான் இங்கே வட்டியோடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

10. முடிப்பும் கழற்றலும்

240 ஃபைல், மெருகேற்றும் பஃபர், தூசி தட்டல், கை கழுவல், நகப்பூச்சு அல்லது டாப் கோட். க்யூட்டிகிள் எண்ணெய் எல்லாம் முடிந்த பிறகுதான். நடுவில் எண்ணெய் பட்டால் பூச்சு ஒட்டாது.

பிடிக்காத பயிற்சி நகத்தை நெம்பி எடுக்காதீர்கள், நகத்தகட்டின் மேலடுக்கும் சேர்ந்து வரும். மேற்பரப்பைக் கொஞ்சம் ஃபைல் செய்து, அசிட்டோனில் நனைத்த பஞ்சு வைத்து அலுமினியத் தாள் சுற்றி இருபது, முப்பது நிமிடம். மென்மையானதைக் குச்சியால் தள்ளுங்கள், வராததை மறுபடி சுற்றுங்கள்.

11. இரண்டாம் வாரம் திரும்ப வரச் சொல்லுங்கள்

கைநகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர் வளரும். இரண்டு மூன்று வாரத்தில் மேடு முன்னே நகர்ந்து, பாரம் தப்பான இடத்தில் விழத் தொடங்கும். வளர்ந்த இடத்தை அக்ரிலிக்கால் நிரப்பும் இன்ஃபில் செய்வது அதனால்தான். கற்பவருக்கோ இந்தச் சந்திப்பில் இன்னொரு லாபம் உண்டு: எந்த இடம் எழுந்தது என்று பார்க்கலாம்.

வேர்ப்பக்கம் முழுக்க அரைவட்டமாக எழுந்திருந்தால் தோலில் ஓடியிருக்கிறது, அல்லது அந்த ஓரம் கனமாக நின்றிருக்கிறது. வேர்ப்பக்க மூலைகள் மட்டும் என்றால் செத்த படலம் மூலையில் மிஞ்சியிருக்கிறது. நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் வறண்ட உருண்டை, அல்லது அழுத்தாமல் விட்ட இடம். ஓரத்தில் கீறல் விட்டிருந்தால் சுவர் மெலிந்துவிட்டது. நடுவில் முறிந்திருந்தால் மேடு இல்லை, அல்லது தப்பான இடத்தில் இருக்கிறது. பத்து நகமும் எழுந்திருந்தால் டிஹைட்ரேட்டருக்குப் பிறகு எதைத் தொட்டீர்கள் என்று யோசியுங்கள். எழுந்த இடத்தை விரல் வாரியாக ஒரு தாளில் குறித்து வையுங்கள். மூன்று நான்கு பேருடைய குறிப்பு சேர்ந்ததும், ஒரே விரலின் ஒரே மூலை திரும்பத் திரும்ப வருவது தெரியும். வலதுகைக்காரர்களுக்கு அது பெரும்பாலும் கட்டைவிரலாகத்தான் இருக்கும். கட்டைவிரலை வைக்கும் கோணத்தில் அதன் ஒரு பக்கம் உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அடுத்த முறை அந்த விரலுக்கு மட்டும் எதிரே இருப்பவரின் கையைத் திருப்பி வைத்து வேலை செய்யுங்கள்.